சென்னை – கொழும்பு: விமானத் தூரமும் பறக்கும் நேரமும் நாமே கணக்கிடுவது எப்படி?

இந்தத் தூரத்தைத் தேடினால் ஓரிடத்தில் 645 என்றும், இன்னோரிடத்தில் 401 என்றும், வேறோரிடத்தில் 348 என்றும் வரும். மூன்றும் சரிதான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது மைல், மூன்றாவது கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.). எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்.

படி 1: விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். நகரின் மையத்தை எடுக்க வேண்டாம். விமானம் இறங்குவது கொழும்பில் அல்ல, அதற்கு வடக்கே சுமார் 30 கி.மீ. தள்ளியுள்ள கட்டுநாயக்கவில்.

மீனம்பாக்கம்: 12.98, 80.16
கட்டுநாயக்க: 7.18, 79.88

பலரும் தவறுவது இங்கேதான். வரைபடத்தில் 12 டிகிரி 59 நிமிடம் என்று இருந்தால் அதை 12.59 என்று எழுதிவிடுகிறார்கள். நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும்: 59 ÷ 60 = 0.98. இந்த ஒரு பிழையே கணக்கில் 43 கி.மீ.யை விழுங்கிவிடும்.

படி 2: அட்சரேகை வித்தியாசம் 5.80. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. வீதம் 644 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 0.28, இந்தப் பகுதியில் ஒரு டிகிரி சுமார் 109 கி.மீ. என்பதால் 31 கி.மீ. இரண்டையும் கூட்டக் கூடாது. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான்: இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 645 கி.மீ. கிழக்கு மேற்காக வெகுதூரம் விலகிய ஊர்களுக்கு இந்த எளிய வழி போதாது. பூமியின் வளைவையும் சேர்க்கும் கணிப்பான் வேண்டும்.

படி 3: ஜெட் விமானத்துக்கு மணிக்கு 800 கி.மீ. என்று வைத்தால் 645 ÷ 800 = 0.81 மணி, அதாவது 48 நிமிடம். தரையில் ஊர்வதற்கும், மெதுவாக ஏறி இறங்குவதற்கும் 30 நிமிடம் சேர்த்தால் ஏறத்தாழ 1 மணி 20 நிமிடம். டிக்கெட்டில் இதைவிட ஐந்து பத்து நிமிடம் கூடுதலாக இருக்கலாம். விமானி அறிவிக்கும் பறக்கும் நேரமோ குறைவாக இருக்கும். தரையில் ஊரும் நேரம் அதில் சேராது.

விமான வகையைப் பார்க்க மறக்காதீர்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு சுமார் 355 கி.மீ.தான், கொழும்புத் தூரத்தில் பாதியைவிடச் சற்றே அதிகம். ஆனால் அங்கே பறக்கும் ஏடிஆர் 72 விசிறி விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ. ஆகவே 43 நிமிடமும் அந்த 30 நிமிடமும் சேர்ந்து 1 மணி 13 நிமிடம் ஆகிவிடுகிறது.

படி 4: டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊரின் நேரம். இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரத்தைப் பின்பற்றுவதால் இங்கே சிக்கல் இல்லை. டெல்லி – காத்மாண்டு அப்படியல்ல. நேபாளக் கடிகாரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னே ஓடுகிறது. 10:00 மணிக்குக் கிளம்பி 11:50-க்கு இறங்கும் என்று போட்டிருந்தால் உண்மைப் பயணம் 1 மணி 35 நிமிடம். திரும்பும்போது அந்த 15 நிமிடத்தைக் கழிக்காமல் கூட்டுங்கள்.