பிளேட்லெட் சரியாத்தானே இருக்கு, எண்டோஸ்கோபி எதுக்குங்க?

கோத்தகிரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிசல்ட் கொடுக்கும் வேலை எனக்கு. "பிளேட்லெட் எண்பதாயிரம்தான்னு போட்டிருக்கே, பப்பாளி இலைச் சாறு குடிச்சா ஏறிடுங்களா?" என்று அடிக்கடி கேட்பார்கள். டெங்குக் காய்ச்சல் பழக்கிவிட்ட கேள்வி. கேட்பவருக்குக் கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) இருந்தால் அங்கேயே முதல் தவறு தொடங்குகிறது.

கல்லீரல் இறுகிப்போனால் குடலிலிருந்து அதற்குள் வரும் ரத்தம் தடைபடும். அழுத்தம் பின்னால் ஏறி மண்ணீரல் வீங்கும். பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் அதற்குள்ளேயே தங்கிவிடும். வேறு வழி தேடும் ரத்தம் உணவுக்குழாயின் அடிப்பகுதி நாளங்களில் புகுந்து அவற்றைப் புடைக்க வைக்கும். அவை வெடித்தால் ரத்த வாந்தி. எண்பதாயிரம் என்ற எண் அந்த அழுத்தத்துக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். எண்ணிக்கையை மட்டும் ஏற்றுவதால் நாளம் சுருங்காது.

இதற்கு நேர்மாறான தவறுதான் எனக்கு அதிகம் பயம் தருகிறது. இத்தாலியின் பவேனோ ஊரின் பெயரால் அறியப்படும் நிபுணர் குழு 2015இல் ஒரு விதி சொன்னது: பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல், பைப்ரோஸ்கேனில் கல்லீரல் இறுக்கம் 20 கிலோபாஸ்கலுக்குக் கீழ் என்றால் வாய்வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடலாம், ஆபத்தான நாளம் இருக்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் விதி. ஆண்டுதோறும் இரண்டையும் திரும்பப் பார்க்கவும் வேண்டும். வயிற்றில் நீர் கோத்தவருக்கும் மஞ்சள் காமாலை வந்தவருக்கும் இது பொருந்தவே பொருந்தாது. அதேபோல், பிளேட்லெட் குறைவு என்பதாலேயே நாளம் புடைத்திருக்கிறது என்றும் முடிவு கட்டக்கூடாது. இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது எண்டோஸ்கோபிதான்.

எங்கள் பக்கத்துத் தவறும் உண்டு. ஊதா மூடி டியூபில் உள்ள மருந்தால் சிலருக்குத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் குறைத்து எண்ணும். எதிர்பாராத குறைந்த எண் வந்தால், ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ரத்த ரிசல்ட்டை வைத்தே ஊகிக்கும் கணக்குகள் உண்டு. எஸ்ஜிஓடி என்ற கல்லீரல் நொதியையும் பிளேட்லெட்டையும் வைத்துப் போடுவது ஏப்ரி, அவற்றோடு வயதையும் எஸ்ஜிபிடி என்ற இன்னொரு நொதியையும் சேர்த்துப் போடுவது பிப்-4. இவற்றை இப்போது போனிலேயே போட்டுப் பார்க்கிறார்கள். சம்பள வாரம் முழுக்கக் குடித்துவிட்டு ரத்தம் கொடுத்தால் எஸ்ஜிஓடி எகிறும், மதுவால் தட்டணுவும் குறையும், கணக்கு பயமுறுத்தும். குடியை நிறுத்திய இரண்டு வாரத்தில் தட்டணு ஏறும். அதைப் பார்த்து நாளமும் சரியாகிவிட்டது என்று நினைப்பது இன்னொரு தவறு.

நீலகிரிக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் அணு (சிக்கிள் செல்) இந்தியாவில் முதன்முதலில் 1952இல் இம்மலைப் பழங்குடியினரிடம்தான் பதிவானது. அந்த நோய் முற்றியவருக்கு மண்ணீரலே சுருங்கிப்போயிருக்கும். தட்டணுவைச் சிறைபிடிக்க ஆளில்லை. கல்லீரல் அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் எண்ணிக்கை நன்றாகவே தெரியலாம். எங்களிடம் யாரும் கேட்பதில்லை என்றாலும், குடும்பத்தில் அரிவாள் அணு உண்டென்றால் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. மலம் தார் போலக் கருத்துப் போனால் அது உள்ளே நாளம் கசிவதாக இருக்கலாம், "இரும்புச்சத்து மாத்திரை போடுறேன், அதான்" என்று இருந்துவிடாதீர்கள். "ஹீமோகுளோபின் பாத்துட்டு அப்புறம் போலாம்" என்று எங்கள் படியும் ஏறாதீர்கள். ரத்தம் கசியத் தொடங்கிய முதல் சில மணி நேரம் அந்த எண் இறங்காது. மலைவாசிகளுக்கு அது இயல்பிலேயே சற்றுக் கூடுதல் வேறு. மேட்டுப்பாளையம் வரை எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று உங்களுக்கே தெரியும். 108-ஐக் கூப்பிடுங்கள், எங்கள் ரிசல்ட் பிறகு வரட்டும்.