ஊசி இல்லாமல் பின்னல்: நான்கு விரல் போதும்

உல்லன் பின்ன ஊசி கட்டாயமில்லை. முன்கையையே ஊசியாக்கிப் பெரிய போர்வை பின்னுகிறவர்களும் உண்டு. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நடுவில் எழுந்து போவது பெரும்பாடு. புதியவர்களுக்கு விரல் பின்னலே சரி.

நூல் தடிமனாக, சற்று இழுபடுவதாக இருக்கட்டும். மெல்லியதுதான் இருக்கிறதென்றால் இரண்டு, மூன்று இழைகளைச் சேர்த்துப் பிடியுங்கள். பருத்தி நூல் நெகிழாது, விரலை இறுக்கும். கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களில் கண்ணி (விரலில் விழும் நூல் வளையம்) கண்ணுக்கே தெரியாது. முதல் தடவைக்கு வெளிர் நிறம் எடுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

இடது உள்ளங்கை உங்களைப் பார்க்கட்டும் (இடக்கைக்காரர்கள் வலது கையில் பின்னலாம்). நூலின் நுனியில் 15 செ.மீ. விட்டு, அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். நூலை ஆள்காட்டி விரலுக்கு முன்னால், நடுவிரலுக்குப் பின்னால், மோதிரவிரலுக்கு முன்னால், சுண்டுவிரலுக்குப் பின்னால் என்று கொண்டுபோங்கள். சுண்டுவிரலைச் சுற்றி முன்பக்கம் வந்து, மோதிரவிரலுக்குப் பின்னால், நடுவிரலுக்கு முன்னால், ஆள்காட்டி விரலுக்குப் பின்னால் திரும்புங்கள். இப்போது ஒவ்வொரு விரலின் முன்னும் ஒரு கண்ணி இருக்கும். அதற்கு மேலே, நகத்தை ஒட்டி, இதே சுற்றை இன்னொரு முறை போடுங்கள்.

விரலுக்கு இரண்டு கண்ணியா என்று எண்ணிப் பாருங்கள். பிறகு சுண்டுவிரலில் தொடங்கி, கீழ்க்கண்ணியைப் பிடித்து, மேல்கண்ணியையும் விரல்நுனியையும் தாண்டிப் புறங்கைப் பக்கம் போடுங்கள். நான்கு விரலிலும் முடிந்ததும் மிஞ்சிய கண்ணிகளை விரலடிக்குத் தள்ளுங்கள். கட்டைவிரலில் பிடித்த நுனியை ஆள்காட்டி, நடுவிரல் இடுக்கு வழியாகப் பின்னால் விட்டுவிடுங்கள். இனி ஒவ்வொரு வரிசைக்கும் மேலே ஒரு சுற்று, கீழ்க்கண்ணியைத் தாண்டிப் போடுவது, அவ்வளவுதான். முதல் மூன்று, நான்கு வரிசை வெறும் சிக்கலாகத்தான் தெரியும், அவிழ்த்துவிடாதீர்கள். புறங்கையில் தொங்குவதை அவ்வப்போது கீழே இழுத்துவிட்டால் பட்டை உருவாவது தெரியும்.

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இறுக்கத்தில்தான். நூல் நழுவிவிடுமோ என்று இழுத்துச் சுற்றுவார்கள். விரல் நுனி சிவந்து மரத்துப்போகும், கீழ்க்கண்ணியும் மேலே வராது. நூல் விரலைத் தொட்டுக்கொண்டு இருந்தால் போதும். எந்த விரலிலாவது ஒரே கண்ணி இருந்தால், சுற்றும்போது அதை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்படியே தூக்கினால் அந்த விரலின் பின்னல் ஏணிபோல அவிழ்ந்து இறங்கும். இறங்கிய கண்ணிக்குள் விரலை விட்டு, அதற்கு மேலுள்ள குறுக்கு நூலைப் பிடித்து உள்ளே இழுங்கள். படிப்படியாக மேலே கொண்டுவரலாம்.

இடையில் நிறுத்த வேண்டுமா? ஆள்காட்டி விரலிலிருந்து வரிசை மாறாமல் நான்கு கண்ணிகளையும் ஒரு பென்சிலில் கோத்து வையுங்கள்.

முடிக்கும்போது விரலுக்கு ஒரு கண்ணி இருக்க வேண்டும். சுண்டுவிரல் கண்ணியை மோதிரவிரலுக்கு மாற்றி, அங்கே கீழே இருப்பதை அதன் மேல் தாண்டிப் போடுங்கள். மீதியை நடுவிரலுக்கு, பிறகு ஆள்காட்டிக்கு மாற்றி இதையே செய்யுங்கள். கடைசிக் கண்ணி மிஞ்சும்போது 15 செ.மீ. விட்டு நூலை வெட்டி, அதற்குள் நுழைத்து இழுங்கள். பட்டையின் ஓரம் உள்ளே சுருளும். அது இந்தப் பின்னலின் இயல்பு, பிழையல்ல. அகலமாக வேண்டுமென்றால் இரண்டு, மூன்று பட்டைகளைப் பக்கத்தில் வைத்து, அதே நூலால் ஓரக் கண்ணிகளைத் தளர்வாகக் கோத்து இணையுங்கள். இறுக்கித் தைத்தால் இணைப்பு மட்டும் சுருங்கி நிற்கும்.