சைக்கோசிஸ்: முதல் சில வாரங்களில் குடும்பம் செய்ய வேண்டியது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒருவனைத் திட்ட "தஞ்சோங் ரம்புத்தான்" என்று சொன்னாலே போதும். 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் ஊர்ப் பெயரே வசவாகிவிட்டது. அந்தப் பெயருக்குப் பயந்து பிள்ளையை மாதக்கணக்கில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. இல்லாததைக் கேட்பதும் நடக்காததை நம்புவதுமாக மனம் நிஜத்தைத் தவறவிடும் நோய்தான் சைக்கோசிஸ். முதல்முறை அந்த நோய் கண்ட பிள்ளையை நேராக அங்கே கொண்டுபோக வேண்டியதில்லை. டவுனில் இருக்கும் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) தொடங்கலாம்.

இந்த அடையாளங்களைக் கவனியுங்கள்: யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது என்பது, பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சாதிப்பது, சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளுவது, இரவெல்லாம் தூங்காதது, குளிக்காதது, பள்ளிக்கோ வேலைக்கோ போகாமல் அறைக்குள் அடைந்து கிடப்பது. "காதல் தோல்வி, சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவில் 34 கிளினிக்குகளில் 404 பேரை வைத்து நடந்த 'ரெய்ஸ்' ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. மருந்து, தனி ஆலோசனை, குடும்பத்துக்கான பயிற்சி, படிப்பு அல்லது வேலைக்கான உதவி ஆகிய நான்கையும் ஒரே குழுவிடம் பெற்றவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். நோய் கண்டு 74 வாரங்களுக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல்.

தோட்டத்து டவுனில் அந்தக் குழு ஒரே கூரையின் கீழ் கிடைப்பது அரிது. டாக்டர் ஒரு பக்கம், மருந்தகம் ஒரு பக்கம், பள்ளி ஆலோசகர் இன்னொரு பக்கம். இவர்களைக் கோக்கும் நூல் குடும்பம்தான், அதற்கு ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். தேதி, தூங்கிய மணி நேரம், சாப்பாடு, மாத்திரை, அன்று சொன்ன விநோதமான பேச்சு என்று நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள். பேச்சை அவன் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். டாக்டரிடம் "கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. "ஆள் இல்லாதப்போ ரெண்டு பேர் திட்டுற மாதிரி கேக்குதாம், தீபாவளியில இருந்து" என்றால் பாதி வேலை முடிந்தது. மலாயில் "டெங்கார் சுவாரா" (குரல் கேட்கிறது), "தாக் போலே தீடோர்" (தூங்க முடியவில்லை) என்று சொன்னாலும் போதும்.

குடிமக்களுக்கு கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), மருத்துவமனை நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. மைகார்ட் (குடிமக்கள் அடையாள அட்டை) இல்லாதவருக்குக் கட்டணம் வேறு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தமும் சிறுநீரும் பார்ப்பார்கள். தைராய்டு கோளாறும் சியாபு என்ற போதைப்பொருளும் கஞ்சாவும் இதே கோலத்தைக் காட்டும். பிள்ளை எதையாவது தொட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு சூராட் (பரிந்துரைக் கடிதம்) வாங்கும்போது பக்கத்தில் மெந்தாரி என்ற சமூக மனநல மையம் எது என்றும் கேளுங்கள். வேலை தேடித் தருவதும் வேலையில் கூட நின்று உதவுவதும் அங்கே உண்டு.

மாத்திரையில்தான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. தொடங்கிய முதல் சில நாட்களில் கழுத்து ஒரு பக்கம் திருகலாம், கண் மேலே செருகலாம், தாடை இறுகலாம். பார்ப்பவர்கள் "சாமி இறங்கிடுச்சு" என்று மாத்திரையைக் குப்பையில் போடுவார்கள். அது மருந்தின் பக்கவிளைவு. உடனே அவசரப் பிரிவுக்குப் போனால் ஓர் ஊசியில் தளரும். உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார். காய்ச்சலோடு உடம்பு விறைத்தால் காத்திருக்காதீர்கள், 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். எடையை வாரம் ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். முதல் மாதத்தில் 3 கிலோ ஏறினால் அடுத்த தவணைவரை பொறுக்காமல் சொல்லுங்கள். கெட்டிப்பால் ஊற்றிய மைலோவை அன்றே குறைக்கலாம். குரல் அடங்கியதும் "குணமாயிடுச்சே" என்று நிறுத்துவதுதான் பெரிய தவறு. முதல் நோய்க்கே குறைந்தது ஒரு வருடம், பெரும்பாலும் இரண்டு வருடம் மருந்து தொடரும்.

பூசாரியைப் பற்றி வீட்டில் சண்டை வேண்டாம். அப்பாயிக்கு நம்பிக்கை இருந்தால் தாயத்தைக் கட்டட்டும். ஆனால் அடிப்பது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, இந்த நான்கும் கூடாது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பிள்ளையிடம் எப்படிப் பேசுவது? "அங்க யாருமில்லடா, பைத்தியம் மாதிரி பேசாதே" என்றால் அவன் உங்களிடம் சொல்வதையே நிறுத்திவிடுவான். "ஆமா, எனக்கும் கேக்குது" என்று ஒத்துப்பாடுவதும் தப்பு. "எனக்குக் கேக்கல தம்பி. ஆனா நீ பயந்திருக்கேன்னு தெரியுது. டிவி போடட்டுமா, வெளியில கொஞ்சம் நடப்போமா?" இப்படிப் பேசலாம். ஓயாமல் குறை சொல்லும் வீட்டில் வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருப்பவருக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று இலண்டன் ஆய்வுகள் 1970-களிலேயே காட்டின. தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய இரண்டு அறை லயத்து வீட்டில் அந்த 35 மணி நேரம் மூன்று நாளில் தீர்ந்துவிடும். காலையில் கோயில் வாசலைக் கூட்டுவது, மாலையில் மாமா வீட்டில் இரண்டு மணி நேரம், அப்பா பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) போன பிறகு பசியாறுவது என்று நேரத்தைப் பிரியுங்கள். சோம்பேறி என்று யாரும் சொல்லக்கூடாது. அசையாமல் கிடப்பதும் நோயின் ஒரு முகம்தான்.

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) வருடமென்றால் பள்ளி ஆலோசகரிடம் எம்சியோடு (மருத்துவ விடுப்புச் சான்று) போய், ஒரேயடியாக அல்லாமல் அரை நாளிலிருந்து திரும்ப ஏற்பாடு கேளுங்கள். வேலைக்குத் திரும்புபவருக்கு முதலில் இரவு ஷிப்ட் வேண்டாம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில், நோய் வருவதற்கு முன் அவனிடம் முதலில் மாறியது எது என்று அவனையே கேட்டு எழுதுங்கள்: இரண்டு இரவு தூக்கம் போனது, கைபேசியை ஒளித்தது. அவற்றில் இரண்டு மீண்டும் தெரிந்தால் தவணைக்குக் காத்திராமல் கிளினிக்குக்குப் போவது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்று பேசினால் அன்றே அவசரப் பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது, போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டாம். அந்தப் பக்கத்தின் அடியிலேயே 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணையும் எழுதிவையுங்கள்.