பக்கம் தானாக ஓடுகிறதா? ஃபார்மேட்டுக்கு முன்னால் இதையெல்லாம் பாருங்கள்

“பிரவுசர் பேய் பிடிச்ச மாதிரி தானா ஓடுது” என்று சொல்லி லேப்டாப்பை மேசையில் வைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நோட்பேடிலும் அப்படித்தான் ஓடுகிறதா? பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். நாள் முழுக்கத் திறந்து கிடப்பது குரோம் ஒன்றுதான் என்பதால் பழியும் அதன் தலையில்தான் விழும். அதை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டிருப்பார்கள். அப்போதும் சரியாகாமல், தெரிந்தவர் யாராவது “விண்டோஸ் போச்சு, ஃபார்மேட் போட்டாத்தான் ஆச்சு” என்று சொல்லியிருப்பார். எந்தக் கோளாறுக்கும் முதல் வேலையாக ஃபார்மேட் போடுகிற ஆளிடம் குடும்ப ஃபோட்டோக்கள் இருக்கிற மெஷினைக் கொடுக்காதீர்கள் என்பது பல வருடமாக சர்வீஸ் பார்க்கிற என் அபிப்பிராயம்.

நோட்பேடைத் திறந்து நீளமான கட்டுரை ஒன்றை காப்பி செய்து ஒட்டுங்கள். மேலும் கீழும் உருட்டிப் பாருங்கள், அப்புறம் கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். அங்கேயும் துள்ளினாலோ தானாக நகர்ந்தாலோ கோளாறு மவுஸ், டச்பேட், கீபோர்டு, தொடுதிரை இவற்றில் ஏதோ ஒன்றில் இருக்கிறது. நோட்பேட் அமைதியாக இருந்து பிரவுசர் மட்டும் ஆடினால் பிரவுசரைப் பார்க்க வேண்டும். பிரவுசரிலும் ஒரே ஒரு தளம் மட்டும் ஆடினால் அது அந்தத் தளத்தைக் கட்டியவர்கள் பாடு. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் செட்டிங்ஸில் கை வைத்தால், கடைசியில் எதையெல்லாம் மாற்றினோம் என்பதே நினைவிருக்காது.

முதலில் மவுஸ். கீழே உருட்டினால் பக்கம் கொஞ்சம் இறங்கி, திடீரென்று மேலே ஒரு எகிறு எகிறும். இதற்குக் காரணம் சக்கரத்தின் அச்சு போய்ச் சொருகியிருக்கும் என்கோடர் என்கிற சின்னப் பெட்டி. அதற்குள் மெல்லிய உலோகத் தகடுகள் உரசிக்கொண்டு இரண்டு சிக்னல்களை மாற்றி மாற்றித் தரும். எது முந்துகிறது என்பதை வைத்துத்தான் நீங்கள் மேலே உருட்டினீர்களா கீழே உருட்டினீர்களா என்று மவுஸ் கணக்குப் போடுகிறது. தூசி சேர்ந்தாலோ தகடு தேய்ந்தாலோ வரிசை குழம்பி, கீழ் என்பது மேல் ஆகிவிடும். சாஃப்ட்வேரில் என்ன செய்தாலும் இது தீராது.

திறந்து பார்க்க நினைத்தால் முதலில் ஒயரைப் பிடுங்குங்கள், வயர்லெஸ் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். ஸ்க்ரூ கண்ணில் படவில்லை என்றால் அடியில் வழுக்குவதற்காக ஒட்டியிருக்கும் பட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும். சக்கரத்தில் சுற்றியிருக்கும் முடி, பஞ்சை எடுத்துவிட்டு, என்கோடரின் இடுக்கில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் நன்றாகச் சுற்றுங்கள். ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், ஒரு வாரத்தில் இருக்கிற தூசியெல்லாம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். தகடே தேய்ந்த விலை குறைந்த மவுஸ் என்றால் புதிதாக வாங்கிவிடுவதுதான் லாபம்.

வயர்லெஸ் மவுஸில் இன்னொரு தொல்லை உண்டு. பெரும்பாலான மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் மாட்டிய ஹார்ட் டிஸ்க்கும் வேலை செய்யும்போது அதே அலைவரிசைப் பக்கம் இரைச்சலைக் கக்கும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க் மாட்டினால் மட்டும் ஸ்க்ரோல் விக்கி விக்கி நடக்கிறது என்றால் மவுஸின் ரிசீவரை (யூஎஸ்பியில் சொருகியிருக்கும் அந்தக் குட்டித் துண்டை) மறுபக்கத்து போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள்.

சக்கரத்தைத் தெரியாமல் அழுத்திவிடுவதும் நடக்கும். விண்டோஸில் குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் மூன்றிலுமே சக்கரத்தை அழுத்தினால் கர்சர் நிற்கும் இடத்தில் அம்புக்குறியோடு ஒரு குட்டி வட்டம் வரும். அதற்குப் பிறகு மவுஸை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் பக்கம் அந்தத் திசையில் ஓடும். எஸ்கேப் பட்டனைத் தட்டினால் நின்றுவிடும். ஒரு நகர்வுக்கே ஒரு திரை அளவு தாவுகிறது என்றால் மவுஸ் செட்டிங்ஸில் ‘ஒன் ஸ்க்ரீன் அட் எ டைம்’ தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான அளவு 3 வரி.

கீபோர்டை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஸ்பேஸ் பாரை அழுத்தினால் பிரவுசர் ஒரு திரை அளவு கீழே இறங்கும், ஷிஃப்ட்டோடு சேர்த்து அழுத்தினால் மேலே ஏறும். டீ சிந்திய கீபோர்டில் ஸ்பேஸ் பார் பாதி அமுங்கியே நின்றால் பக்கம் தானாக அடிவரை ஓடிவிடும். நோட்பேடில் இது உடனே தெரிந்துவிடும், கர்சர் தானாக இடம் விட்டுக்கொண்டே போகும். கன்ட்ரோல் சிக்கியிருந்தால் உருட்டும்போதெல்லாம் எழுத்து பெரிதாகும் அல்லது சிறிதாகும். எந்தக் கீ என்று கண்டுபிடிக்க விண்டோஸில் இருக்கும் ஆன்-ஸ்க்ரீன் கீபோர்டைத் திறந்து வையுங்கள். நீங்கள் தொடாமலே எந்தக் கட்டம் நிறம் மாறுகிறதோ அதுதான் குற்றவாளி. ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். பழைய வயர்லெஸ் கீபோர்டு மேசை டிராயருக்குள் கிடந்தது, அதன் மேல் ஃபைல் கட்டு. ரிசீவர் சிபியுவின் பின்னால் மாட்டியபடியே இருந்தது. ஃபைலை எடுத்ததும் கம்ப்யூட்டர் அடங்கிவிட்டது.

லேப்டாப் டச்பேடுக்கு நம் வீட்டு ஒயரிங் ஒரு எதிரி. சார்ஜர் மாட்டியிருக்கும்போது உடம்பில் லேசாகச் சுர்ரென்று ஏறுகிறதா? கர்சர் நடுங்கி, பக்கம் இஷ்டத்துக்கு மேலும் கீழும் போகிறதா? சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உடனே சரியாகிவிட்டால் எர்த் பிரச்சினை. டச்பேட் விரலின் மின் தேக்கத்தை அளந்துதான் வேலை செய்கிறது, எர்த் இல்லாத சார்ஜரிலிருந்து வரும் இரைச்சல் அந்த அளவைக் கெடுத்துவிடும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகியிருந்தால் அதை எடுத்து எறிந்துவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். அப்படியும் சுர்ரென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பிளக் பாயிண்டில் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

டச்பேட் மேலே புடைத்துக்கொண்டு வந்தாலோ, தட்டையான மேசையில் லேப்டாப் ஆடினாலோ பிரவுசரை மறந்துவிடுங்கள். உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். ஷட்டவுன் செய்துவிட்டு, சார்ஜ் போடாமல், அழுத்தாமல், குத்தாமல் அப்படியே சர்வீஸுக்குக் கொண்டு போக வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடிய சமாச்சாரம்.

தொடுதிரை உள்ள மெஷினில் யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் தொடுவது போல் நடந்தால், விண்டோஸில் பாகங்களைப் பட்டியல் போட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் ‘ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்’ பகுதியில் இருக்கும் டச் ஸ்க்ரீனை டிசேபிள் செய்து பாருங்கள். நின்றுவிட்டால் திரையில் கீறல், ஈரம் ஏதாவது இருக்கலாம்.

சரி, நோட்பேட் சுத்தம், பிரவுசர்தான் ஆடுகிறது. அதே பக்கத்தை குரோமின் இன்காக்னிட்டோ என்கிற தனி விண்டோவில் திறங்கள். நீங்களாக அனுமதி கொடுத்திருந்தாலொழிய அங்கே எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த குட்டி புரோகிராம்கள், ஓடாது. அங்கே ஒழுங்காக இருந்தால் சாதாரண விண்டோவில் எக்ஸ்டென்ஷன்களில் பாதியை அணைத்துப் பாருங்கள், அப்புறம் மீதியில் பாதி. கூப்பன் தேடித் தருகிறேன், பிடிஎஃப் மாற்றித் தருகிறேன் என்று வந்தவைதான் என் சந்தேகப் பட்டியலில் முதலில் நிற்கும். ஃபயர்பாக்ஸ் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு திறந்தால் டிரபிள்ஷூட் மோடு கேட்கும்.

ஓடுவது ஒரு ரகம், கிழிவது இன்னொரு ரகம். உருட்டும்போது வெள்ளைக் கட்டங்கள் விழுவது, முந்தைய எழுத்து அழியாமல் புது எழுத்தின் மேல் நிற்பது, வீடியோ ஓடினால் பக்கமே மினுக்குவது, இவையெல்லாம் கிராஃபிக்ஸ் வேலை. பிரவுசர் ஒரு பக்கத்தை முழுதாக வரைவதில்லை. தரைக்கு டைல்ஸ் பதிக்கிற மாதிரி சதுரம் சதுரமாக வரைந்து, கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுத்து அடுக்கச் சொல்கிறது. சிப்போ, அதை இயக்கும் டிரைவர் என்கிற புரோகிராமோ தடுமாறினால் ஒரு சதுரம் காலியாக நிற்கும். விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து ஒரு தட்டு தட்டுங்கள். திரை ஒரு நொடி கறுத்துத் திரும்ப வரும், கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கியிருக்கும். திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது.

அப்படியும் கிழிந்தால் குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் ‘யூஸ் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் வென் அவைலபிள்’ என்பதை அணைத்து, குரோமை மூடித் திறங்கள். ஃபயர்பாக்ஸில் ஜெனரல் பக்கத்தில் பெர்ஃபார்மன்ஸ் என்ற இடத்தில், பரிந்துரைத்த செட்டிங்கை எடுத்துவிட்டால் இதே மாதிரி ஒரு டிக் தெரியும். பல வீடியோக்காரர்கள் இதோடு முடித்து வணக்கம் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அணைத்தே வைத்தால் வீடியோ பாரமெல்லாம் பிராசஸர் தலையில் ஏறும், ஃபேன் அலறும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும். அணைத்ததும் சரியானால் கிராஃபிக்ஸ் டிரைவரில் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரைப் போட்டுவிட்டு, திரும்ப ஆன் செய்யுங்கள். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரத்தில் வரும் புரோகிராம்கள் பக்கமே போக வேண்டாம். புது டிரைவரே வராத பழைய மெஷின் என்றால் அணைத்தே இருக்கட்டும்.

வேறு டேபுக்குப் போய்த் திரும்பினால் பக்கம் மறுபடி லோடாகி உச்சியில் நிற்கிறதா? 4 ஜிபி ரேம் மெஷின்களில் இது சகஜம். இடம் போதாமல் குரோம் பழைய டேப்களைத் தூங்க வைக்கிறது. ஷிஃப்ட்டோடு எஸ்கேப் தட்டினால் குரோமின் டாஸ்க் மேனேஜர் வரும், எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று அதில் தெரியும். முக்கியமான படிவம் நிரப்பும் தளத்தை, டேப்களைத் தூங்க வைக்கும் ‘மெமரி சேவர்’ வசதியின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன பிரவுசர் வைத்தியம் முழுசாக உதவாது. குரோம் அதற்கு 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, 2023 பிப்ரவரியில் வந்த 110-லிருந்து விண்டோஸ் 10 வேண்டும். புதிய தளங்கள் புதிய பிரவுசருக்காக எழுதப்படுவதால் மெனு ஒன்றின் மேல் ஒன்று விழும், பட்டன் காணாமல் போகும். ஃபயர்பாக்ஸின் 115 ஈஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவுப்) பதிப்பு விண்டோஸ் 7-லும் ஓடும்.

கடைசி வகை, தளமே ஆடுவது. செய்தித் தளத்தில் ஒரு வரியைத் தொடப் போகும்போது விளம்பரம் முளைத்து, எல்லாம் கீழே இறங்கி, விரல் விளம்பரத்தில் பட்டுவிடும். படத்துக்கும் விளம்பரத்துக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்காமல் பக்கம் கட்டுவதன் விளைவு இது. கூகுள் இந்த ஆட்டத்தை அளக்க ஒரு மதிப்பெண்ணே வைத்திருக்கிறது, 0.1-க்குள் இருந்தால் நல்ல பக்கம். குரோம் 2017-லும் ஃபயர்பாக்ஸ் 2019-லும் நீங்கள் படிக்கும் வரியைப் பிடித்து நிறுத்தும் வசதியைச் சேர்த்தன, ஆனாலும் சில தளங்கள் அதையும் மீறும். கன்ட்ரோலோடு எஃப்5 தட்டிப் புதிதாக இறக்கிப் பாருங்கள், கன்ட்ரோலோடு பூஜ்யம் தட்டி ஜூமை 100-க்குக் கொண்டுவாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஃபயர்பாக்ஸில் எஃப்9 தட்டி ரீடர் வியூவில் படியுங்கள். விளம்பரமும் இல்லை, ஆட்டமும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், ஆடும்போது திரையையும் உங்கள் கையையும் சேர்த்து போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்போடு உங்கள் சார்ஜர், மவுஸ், அதன் ரிசீவர், வீட்டில் சொருகும் அந்த அடாப்டர் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். லேப்டாப் மட்டும் வந்தால் என் மேசையில் அது சமர்த்தாகத்தான் ஓடும், ஏனென்றால் என் பிளக்கில் எர்த் இருக்கிறது.