செங்காந்தள் வளர்ப்பு: கிழங்கின் கண்ணும் கோடை ஓய்வும்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள், வேலியோரத்திலும் காட்டுப் புதரிலும் கவனிப்பார் இல்லாமலே 10 அடி உயரம் ஏறிப் பூக்கும். அதையே தோட்டத்தில் வைத்தால், முதல் ஆண்டு பூத்துவிட்டு மறு ஆண்டு முளைக்காமல் போய்விடுகிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். கிழங்கின் கண் உடைந்திருக்கும். அல்லது செடி மண்ணுக்குள் ஓய்வெடுக்கும் கோடையில் தண்ணீர் ஊற்றி அழுகவிட்டிருப்பார்கள்.

நடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது: இந்தச் செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்ற நச்சுப்பொருள் மிகுதி. சர்க்கரைவள்ளி என்று நினைத்துக் கிழங்கைத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. தின்ற சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும் என்பதால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறு குழந்தைகளோ ஆடு மாடோ எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். வள்ளிக்கிழங்கு, சேனை, இஞ்சி போட்ட பாத்தியில் கட்டாயம் வேண்டாம். கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கிழங்கைக் காட்டிலிருந்து தோண்டி எடுக்க வேண்டாம். மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் காந்தள் அருகிவிட்டது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கம் விதைக்காகக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இதைப் பயிர் செய்கிறார்கள். அங்கே விதைக்கிழங்கு கிடைக்கும். 50 முதல் 60 கிராம் எடையுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மிகச் சிறிய கிழங்கு முதல் ஆண்டு இலையோடு நின்றுவிடும்.

கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். கலப்பை போல இரண்டு கிளைகளாக வளைந்திருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு கண், வெளிர்நிறத்தில் சின்னதாகத் துருத்திக்கொண்டிருக்கும். உருளைக்கிழங்கு போல உடம்பெல்லாம் கண் கிடையாது. அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கிழங்கு எவ்வளவு பருமன் என்பதெல்லாம் பிறகு. இரண்டு கண்ணும் நன்றாக இருந்தால் நடுவில் சேரும் இடத்தில் வெட்டி இரண்டு செடிகளாக நடலாம். வெட்டுவாயில் சாம்பல் தடவி, நிழலில் இரண்டு நாள் உலரவிட்ட பிறகே நடவேண்டும்.

நடவுக்கு ஆடி, ஆவணி ஏற்ற மாதங்கள். மண் 30 செ.மீ. ஆழத்துக்குப் பொலபொலவென்று இருக்க வேண்டும். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் 1 பங்கு போதும். களிமண் தோட்டமானால் தரையைத் தோண்டி நடுவதைவிட 20 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுவதே நல்லது. ஏனென்றால் இந்தச் செடி பூக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழையும் கொட்டும். ஒரு நாள் முழுக்க நீர் தேங்கினாலும் கிழங்கழுகல் வந்துவிடும். தொட்டியில் வைப்பதானால் 12 அங்குலத்துக்குக் குறையாத ஆழமும், அடியில் நீர் வடியத் துளைகளும் வேண்டும். ஒரு தொட்டிக்கு ஒரு கிழங்கு.

கிழங்கைப் படுக்கைவாட்டில் வைத்து, கண் சற்று மேல்நோக்கி இருக்குமாறு 6 செ.மீ. மண் மூடுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுங்கள். குழியில் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த மக்கிய எரு ஒரு கைப்பிடி போட்டால் அழுகலுக்கு நல்ல காப்பு. நட்டதும் ஒரு தண்ணீர். அதன்பின் முளை வெளியே வரும்வரை மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும். 2 முதல் 4 வாரத்தில் முளைக்கும். பொறுமையிழந்து விரலால் கிளறிப் பார்க்காதீர்கள், முளை கண்ணாடி மாதிரி ஒடியும். ஒடிந்தால் அந்தக் கண்ணில் பெரும்பாலும் அந்த ஆண்டு செடி இல்லை.

கொழுகொம்பை நடவின்போதே ஊன்றிவிட வேண்டும். பிறகு குத்தினால் கிழங்கைத் துளைத்துவிடும். அடி இலைகளுக்குப் பற்றும் திறன் இல்லை; செடி ஒரு முழம் வளர்ந்தபின் வரும் இலைகளின் நுனிதான் சுருண்டு பிடிக்கும். அதுவரை சணல் நூலால் தளர்வாகக் கட்டி நிமிர்த்துங்கள். இலைநுனி மெல்லியதைத்தான் சுற்றும். பெரிய மூங்கிலையும் பிளாஸ்டிக் குழாயையும் நட்டு வைத்து, செடி ஏறவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. கம்பிவலை, மிளார்க் குச்சி, சணல் கயிறு எல்லாம் பொருந்தும். கிளுவை வேலி இருந்தால் அதைவிடச் சிறந்த கொழுகொம்பு வேறில்லை. தலைக்கு வெயில், அடிக்கு நிழல் என்பதை இந்தச் செடி விரும்பும். கிளுவை இரண்டையும் தரும். வேலி இல்லாவிட்டால் தூரைச் சுற்றிச் சருகு மூடாக்குப் போடுங்கள்.

வளரும் காலத்தில் மண்ணின் மேல்புறம் காய்ந்தபின் தண்ணீர் விடுங்கள். மழைக்காலத்தில் அதுவும் தேவையில்லை. மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம், மொட்டு வரும்போது சிறிது மரச்சாம்பல். யூரியா போட்டால் இலைதான் கொழிக்கும்.

முக்கியமான எதிரி காந்தள் புழு. கறுப்பு உடம்பில் வெள்ளை, சிவப்புப் புள்ளிகளோடு கூட்டமாக வந்து, மொட்டையும் சேர்த்து இரண்டே நாளில் செடியை மொட்டையடித்துவிடும். காலையில் இலைகளைப் புரட்டிப் பார்த்து முட்டைக் குவியலோடு கிள்ளி அழிப்பதே சிறந்த வழி. மிஞ்சினால் ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். தொடர்மழையில் பழுப்புத் திட்டோடு வரும் இலைக்கருகலுக்கு, நோயுற்ற இலைகளை அகற்றிவிட்டு லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்து தெளிக்கலாம்.

பூ முதலில் பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, நாளாக ஆகச் செம்மை ஏறும். சூலகத்தண்டு பூவைவிட்டு விலகிப் பக்கவாட்டில் செங்கோணமாக மடங்கி நிற்பதால் மகரந்தம் அதில் தானாகப் படுவது அரிது. விதை வேண்டுமானால் காலை 8 மணி முதல் 11 மணிக்குள் வேறொரு செடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து, தண்டின் நுனியில் மூன்றாகப் பிரிந்திருக்கும் சூலகமுடியில் தடவுங்கள். விதை தேவையில்லை என்றால் வாடிய பூவைக் கிள்ளிவிடுங்கள். அந்தச் சத்து கிழங்குக்குப் போகும்.

தை, மாசியில் இலை மஞ்சளாகும். நோய் என்று எண்ணி உரமும் நீரும் கொடுப்பது இங்கேதான் செடியைக் கொல்கிறது. அந்த நாள் முதல் தண்ணீரை நிறுத்துங்கள். தண்டு முழுக்கக் காய்ந்தபின்தான் அறுக்க வேண்டும், பச்சையாக இருக்கும்வரை அது கிழங்கை வளர்த்துக்கொண்டிருக்கும். சொட்டுநீர்க் குழாய் அந்தப் பாத்திக்கும் போனால் அதை அடைத்துவிடுங்கள். பக்கத்துச் செடிகளுக்கு நீர் விட்டே ஆகவேண்டும் என்றால் கிழங்கைத் தோண்டி எடுப்பதே மேல். தண்டிலிருந்து ஓரடி தள்ளி மண்வெட்டி போட்டு, கிட்டே வந்ததும் கையால் மண்ணை விலக்குங்கள். பழைய கிழங்கு சுருங்கி, அதன் இடத்தில் புதியது இருக்கும். கழுவாமல், உலர்மணலில் புதைத்து நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து அழுகும். பெட்டியின் மேல் நஞ்சு என்று பெரிதாக எழுதிவிடுங்கள். வைகாசி முதல் வாரம் ஒருமுறை பாருங்கள். கண் பருத்திருந்தால் ஆடி வரை காத்திருக்காமல் நட்டுவிடலாம்.