ஜூனியர் கிளப்பில் வளரும் பையன்: நாங்கள் செய்த தவறை நீங்களும் செய்ய வேண்டாம்

போன சனிக்கிழமை 15 வயதுக்குட்பட்டோர் கேலிக் கால்பந்து ஆட்டம். கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்துக் கால்பந்து அது. எங்கள் மிட்ஃபீல்டர் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். மேலே வந்த பந்தெல்லாம் அவன் கைக்குத்தான். பிடித்தான், நாலு காலடிக்கு ஒருமுறை பந்தைக் காலில் தட்டித் தட்டி ஓடினான், வலது காலால் குறுக்குக் கம்பத்துக்கு மேலே உதைத்துப் பாயின்ட் போட்டான். புதிதாகப் பயிற்சி கொடுக்க வந்திருக்கும் இரண்டு அப்பாக்கள், "எல்லாத்தையும் அவனுக்கே கொடுங்க" என்று கோட்டோரம் நின்று கத்தினார்கள்.

பத்து வருடம் முன்னால் அதே இடத்தில் நின்று அதையே கத்தியவன் நான். அயர்லாந்தில் பிள்ளைகளைக் கேலிக் கால்பந்துக்கு அனுப்பும் நம் ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வார்ம்-அப், தண்ணீர், பூட்ஸ் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

"ஜூனியர்" என்றால் சின்னப் பையன்கள் என்று நினைப்பது

அது வயது இல்லை, தரம். பெரியவர்களின் கிளப் சாம்பியன்ஷிப் சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் என்று இறங்கிவரும்.

ஜெயிக்கிற பையனை அப்படியே விட்டுவிடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அன்று எங்களிடம் ஒரு பையன் இருந்தான். பதினான்கு வயதிலேயே ஆள் வளர்த்தி. நாங்கள் ஆடியது கீழ்ப் பிரிவு. எதிரணித் தடுப்பாளர்கள் நேராக அவன்மேல் ஓடி வருவார்கள், அவன் தோளால் ஒதுக்கிவிட்டு வலது காலில் உதைப்பான். இடது காலைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. பந்தைப் பிடித்தபின் நிமிர்ந்து பார்க்க அவகாசமும் தாராளம்.

பதினாறில் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) இளம் ஆட்டக்காரர்களைத் தயார்செய்யும் டெவலப்மென்ட் ஸ்குவாடுக்கான தேர்வு ஆட்டம். அவனை ஒட்டி நின்று தடுத்தவன் சீனியர் கிளப் பையன், உயரத்தில் குறைவு. அவன் செய்தது ஒன்றுதான்: நம் பையனின் வலது தோள் பக்கம் அரை அடி தள்ளி நின்றான். இடது பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. நம் பையன் மூன்று முறையும் வலது பக்கமே திரும்பினான். மூன்றாவது முறை இன்னொருவன் வந்து கையை நுழைத்துப் பந்தைத் தட்டிவிட்டான். மறுபடி அழைப்பு வரவில்லை.

குறை பையனிடம் இல்லை. கீழ்த்தர ஆட்டத்தில் தப்பு செய்தாலும் யாரும் தண்டிப்பதில்லை, அதனால் தப்பே பழக்கமாகிவிடுகிறது. அங்கே இல்லாத நெருக்கடியைப் பயிற்சியாளர்தான் உண்டாக்க வேண்டும். நாங்கள் செய்யவில்லை. எங்களுக்கு லீக் வேண்டியிருந்தது. அந்தக் கோப்பை இப்போது கிளப் அறை ஜன்னலில் தூசி படிந்து நிற்கிறது.

சரி, என்ன செய்யலாம்? நாலுக்கு நாலு ஆட்டத்தை ஒடுக்கமான இடத்தில் வையுங்கள். அவனுக்கு மட்டும் இடது கால். இரண்டு பேர் அவனை ஒட்டி நின்று தடுக்கட்டும், அதில் ஒருவன் வயதில் மூத்தவனாக இருக்கட்டும். ஒரு பாதி ஆட்டம் கார்னர் பேக்கில், அதாவது கோல் பக்கத்துத் தடுப்பாளர் இடத்தில், நிறுத்துங்கள். தன்னை மாதிரி ஒருவனைத் தடுக்கும்போது தன் ஓட்டையும் அவனுக்குத் தெரியவரும். ஆட்டம் தோற்றால் தோற்கட்டும்.

பெரிய கிளப்புக்கு மாற்றினால் போதும் என்பது

கிளப் என்பது பெரும்பாலும் தேவாலயப் பங்கின் (parish) எல்லையோடு ஒட்டியது, மாறுவதும் லேசில்லை. மாறித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. கெர்ரி கவுன்டி ஆட்டக்காரர் டேவிட் கிளிஃபர்ட் 2022இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். 2023 ஜனவரியில் அவருடைய கிளப் ஃபோசா டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் வென்றது அகில அயர்லாந்து ஜூனியர் பட்டம்! ஆனால் அவர் ஜூனியர் ஆட்டத்தை மட்டும் ஆடி வளரவில்லை. கில்லார்னியின் செயின்ட் பிரெண்டன்ஸ் பள்ளிக்காக 2016இல் பள்ளிகளுக்கான அகில அயர்லாந்துப் பட்டமான ஹோகன் கோப்பையை வென்றார். கெர்ரியில் சின்ன கிளப்புகள் சேர்ந்து வட்டார அணியாகச் சீனியர் சாம்பியன்ஷிப் ஆடலாம். அவர் ஈஸ்ட் கெர்ரிக்காக அதில் ஆடினார். உங்கள் கவுன்டியில் அந்த வழி இல்லாவிட்டாலும் பள்ளி அணி இருக்கிறது, அப்புறம் கல்லூரியில் சிகர்சன் கோப்பை இருக்கிறது.

பதினேழில் சீனியர் பெஞ்ச்

வேண்டாம். 60 நிமிடமும் ஆடக் கிடைக்கிற அணிக்கு அனுப்புங்கள்.

எல்லா அணிக்கும் "சரி" சொல்வது

பள்ளி, கிளப், ஸ்குவாட் மூன்று பயிற்சியாளர்களும் ஒருவரோடொருவர் பேச வேண்டும். பேசாவிட்டால் முதலில் போவது பையனின் இடுப்பும் தொடையும்.

சனிக்கிழமைப் பையனுக்கு இந்தச் செவ்வாய் முதல் இடது கால் மட்டும் என்று சொல்லிவிட்டேன். முதல் ஆறு உதையும் கம்பத்துக்கு வெளியே போயின. இரண்டு அப்பாக்களும் முகம் சுளித்தார்கள். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்திலும் இதேதான் என்று அவர்களிடமும் சொல்லிவிட்டேன்.