முகம் எரிகிறதா? சவரக்கத்தி தீட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் இப்போது எந்தச் சலூனுக்குப் போனாலும் பிளேட் மாற்றும் கத்திதான். பிளேட்டை இரண்டாக உடைத்து, பாதியைக் கத்தியில் செருகி, வேலை முடிந்ததும் எறிந்துவிடுவார்கள். ஹெபடைட்டிஸ் பி போன்ற நோய்கள் இரத்தத்தின் வழியாகத் தொற்றுகிறவை என்பதால் அது நல்ல ஏற்பாடுதான். பழைய மடக்குச் சவரக்கத்தி இன்று தனக்கு மட்டும் என்று வீட்டில் வைத்துக்கொள்கிறவர்களுடைய பொருளாகிவிட்டது. தாத்தாவின் அலுமாரியில் கிடந்த ஜேர்மனியின் சோலிங்கன் கத்தி, யாரோ கொடுத்த இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் கத்தி, இல்லாவிட்டால் இணையத்தில் தருவித்த மலிவான சீனக் கத்தி. கத்தி எதுவானாலும் முறைப்பாடு ஒன்றுதான்: "மயிர் வெட்டுது, ஆனா முகம் எரியுது."

இதற்கு உடனே கிடைக்கும் ஆலோசனை, இன்னும் நுண்ணிய கல் வாங்கு என்பது. கனடாவில் இருக்கும் மச்சானுக்குச் செய்தி போகும். நம்பர் கூடக்கூடக் கல் நுண்ணியது என்பதால், 12000 நம்பர் கல் ஒன்று உடுப்புகளுக்கு நடுவில் சுற்றிக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கும். அதில் தீட்டிய பிறகும் முகம் எரியும். ஏனென்றால் கோளாறு அனேகமாக 1000 நம்பர் கல்லிலேயே நடந்து முடிந்திருக்கும். மேலே எத்தனை கல் வைத்தாலும் அதை மறைக்க முடியாது.

தொடங்கும் முன்பே நடக்கும் தவறுகள்

முதலாவது, சமையலறைக் கத்தி தீட்டிய பழக்கத்தில் முதுகைத் தூக்கிப் பிடிப்பது. சவரக்கத்தியின் முதுகு தடிப்பாக இருப்பது அழகுக்கு இல்லை. முதுகும் வாயும் (வெட்டும் விளிம்பும்) சேர்ந்தே கல்லில் படுத்திருக்க வேண்டும். கோணத்தைக் கத்தியே பார்த்துக்கொள்ளும். முதுகு 5 மில்லிமீற்றர் தடிப்பும் அகலம் 18 மில்லிமீற்றரும் உள்ள கத்தியில் இரண்டு பக்கச் சரிவும் சேர்ந்து வரும் கோணம் சுமார் 16 பாகை. சாதாரணச் சமையல் கத்தியில் இது 30, 40 பாகைகூட இருக்கும். முதுகைத் தூக்கினால் சவரக்கத்தியும் அந்தப் பக்கம் போய்விடும். அப்புறம் அது வெங்காயம் வெட்டும், தாடி வெட்டாது.

இரண்டாவது, தவறான கல். பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் சாணைக்கல் என்று கேட்டால் ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் கொஞ்சம் மென்மையாகவும் இருக்கும் சாம்பல் நிறக் கார்பொரண்டம் கல்லைத் தருவார்கள். அரிவாளுக்கும் தேங்காய் உடைக்கும் கத்திக்கும் நல்ல கல். அதன் மென்மையான பக்கம்கூட சவரக்கத்திக்கு மிகக் கரடு. இரண்டு இழுப்பில் போட்ட கீறலை எடுக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போகும்.

சாணைச் சக்கரம் அதைவிட மோசம். வாய்ப் பகுதி கடதாசி போல மெல்லியது. சக்கரத்தில் பட்ட ஒரு நொடியில் சூடேறிவிடும். உருக்கு நீலம் பாரித்தால் அந்த இடம் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு அந்த இடத்தில் கூர் நிற்காது, எந்தக் கல்லாலும் அதைத் திருத்தவும் முடியாது. சாணை பிடிக்கிறவரிடம் வீட்டுக் கத்திரிக்கோலைக் கொடுங்கள், சவரக்கத்தியைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, கல் மட்டமாக இருக்கிறதா என்று பாராமல் தொடங்குவது. தண்ணீர் விட்டுத் தீட்டும் கற்கள் தேயத் தேய நடுவில் குழி விழும். புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த கல்லும் மட்டமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். பென்சிலால் கல்லின்மேல் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். ஒரு தடித்த கண்ணாடித் துண்டின்மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, கல்லை அதில் தேயுங்கள். கார் பெயின்ற் பண்ணும் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் அந்தப் பேப்பர் கிடைக்கும். ஓரங்களில் கோடு அழிந்து நடுவில் மட்டும் மிஞ்சியிருந்தால் குழி எவ்வளவு என்று கண்ணுக்கே தெரியும். கோடு முழுக்கப் போகும்வரை தேய்த்துவிட்டு, கல்லின் கூரான விளிம்புகளையும் கொஞ்சம் மழுக்கி விடுங்கள்.

கல்லை ஊறவைப்பதிலும் கவனம் வேண்டும். ஊறவைக்க வேண்டிய கற்கள் உண்டு, மேலே தண்ணீர் தெளித்தாலே போதுமானவையும் உண்டு. இரண்டாவது வகையில் சிலதை வாளியில் மூழ்க விட்டுவைத்தால் வெடிப்பு விழும். பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

எல்லோரும் அவசரப்படும் இடம்

அடிக்கல்லான, அதாவது முதலில் தீட்டும், 1000 நம்பர் கல்லின் வேலை ஒன்றே ஒன்று: இரண்டு பக்கச் சரிவும் வாய் நெடுக, குதியிலிருந்து (பிடிப் பக்க முனையிலிருந்து) நுனிவரை, ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். சந்திக்காத இடத்தில் வாய் மொட்டையாகவே இருக்கும். அதற்குமேல் 4000, 8000 என்று ஏறினால் அந்த மொட்டை பளபளக்கும், அவ்வளவுதான். கண்ணாடி மாதிரி மின்னும் கத்தி முகத்தை இழுப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கொட்டாஞ்சேனையில் நீண்டகாலம் சலூன் நடத்திய ஒரு பெரியவரிடம் பொடியன் ஒருவன் தன் கத்தியைக் கொண்டுபோய்க் காட்டினான். விலைகூடிய கல்லைப் பற்றியும் சொன்னான். அவர் கல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. "தம்பி, அடிக்கல்லில எவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?" என்று கேட்டார். "பத்து நிமிசம் ஐயா." "காணும் எண்டு கத்தி சொன்னதோ, மணிக்கூடு சொன்னதோ?"

கத்தி எப்படிச் சொல்லும்? முதலில் தண்ணீரைப் பாருங்கள். வாயை முன்னால் வைத்துக் கத்தியைத் தள்ளும்போது, கல்லின் மேலிருக்கும் தண்ணீர் வாய்க்கு முன்னால் மெல்லிய வரம்பாக எழும். வாய் கல்லில் சரியாகப் படும் இடத்தில் அந்தத் தண்ணீர் கத்தியின் மேல் ஏறும். படாத இடத்தில் அடியால் நழுவிப் போய்விடும். குதிப் பக்கம் இரண்டு மில்லிமீற்றர் அகலத்துக்கு மட்டும் தண்ணீர் அடியால் போகிறது என்றால், வேலை மிச்சமிருப்பது அந்த இரண்டு மில்லிமீற்றரில்தான்.

அடுத்தது மார்க்கர் பேனை. அழியாத மையால் சரிவு முழுக்கக் கோடிழுத்துவிட்டு, அழுத்தாமல் இரண்டு மூன்று இழுப்பு இழுங்கள். வாயின் ஓரத்தில் ஒரு நூலளவு மை மிஞ்சியிருந்தாலும் கல் அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை.

மூன்றாவதாக, செட்டியார் தெரு நகைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்கிற மாதிரிப் பத்து மடங்கு காட்டும் பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் நல்லது. வாய் மேலே பார்க்கக் கத்தியைப் பிடித்து, மின்குமிழுக்குக் கீழே மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பித் தராது. எங்காவது ஒரு புள்ளி மினுங்கினால் அங்கே மொட்டை இருக்கிறது, இல்லாவிட்டால் பல்லுப் போயிருக்கிறது. இந்த மூன்றும் சரியென்றால், அந்தக் கட்டத்திலேயே கத்தி கை மயிரைத் தோலோடு ஒட்டி வழிக்கும். நுனியில் வழித்து நடுவில் வழிக்கவில்லை என்றால் மேலே போகாதீர்கள். பழுதான பழைய கத்திக்கு இதற்கு ஒரு மணித்தியாலம் பிடித்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

குதி தொல்லை தருவதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. பல கத்திகளில் குதியின் பின்பக்கம், காம்போடு சேரும் இடத்தில், தடிப்பான ஒரு மேடு இருக்கும். அது கல்லின்மேல் ஏறினால் கத்தி தூக்கிக்கொள்ளும். அதை அண்டிய வாய்ப்பகுதி கல்லைத் தொடாது. அதற்காக இன்னும் அழுத்துகிறவர்கள் உண்டு. அழுத்தினால் நடுவாய் தேயும், குதி அப்படியே இருக்கும். மேடு கல்லுக்கு வெளியே நிற்கும்படி கத்தியை வைத்தால் போதும்.

கை செய்யும் தவறுகள்

கல்லில் கத்தி வாய் முன்னால் போக வேண்டும், தீட்டிய வாயைக் கடைசியில் தடவி எடுக்கும் தோல்வாரில் முதுகு முன்னால் போக வேண்டும். இதை மாற்றிச் செய்தால் தோல்வார் வெட்டுப்படும். திருப்பும்போது இரண்டிலும் முதுகின்மேல்தான் கத்தி புரள வேண்டும். வாயின்மேல் புரட்டினால் அதுவரை பட்ட பாடெல்லாம் அந்த ஒரு திருப்பலில் போய்விடும்.

அழுத்தம் கல்லுக்குக் கல் குறைய வேண்டும். 1000 நம்பரில் ஒரு விரலின் பாரம் இருக்கலாம். கடைசிக் கல்லில் கத்தியின் சொந்தப் பாரம் மட்டும்தான். உட்குழிவாகக் கடைந்த சவரக்கத்தியின் வாய் அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்கும். வளைந்தபடி தீட்டிய வாய், கையை எடுத்ததும் வேறொரு நிலைக்குத் திரும்பிவிடும். ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் ஏழு என்று எண்ணிக்கை தப்பவிடாமல், இரண்டு பக்கமும் சமமாக, மாற்றி மாற்றி இழுங்கள். கல் கத்தியைவிட ஒடுக்கமென்றால் குதியில் தொடங்கி நுனியில் முடியும்படி குறுக்காக இழுக்க வேண்டும்.

முதுகில் இன்சுலேஷன் ரேப் ஒட்டுவதா இல்லையா என்று ஆட்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். பொன்வேலை செய்த முதுகென்றால் ஒட்டுங்கள், மற்றதற்குத் தேவையில்லை என்பது என் கட்சி. ஆனால் ஒட்டினால் எல்லாக் கல்லிலும் ஒட்டியபடியே தீட்டுங்கள். ஒரு சுற்று ரேப் கோணத்தை ஏறத்தாழ ஒரு பாகை கூட்டிவிடும். பாதி வழியில் கழற்றினால் அடுத்த கல் வாயைத் தொடாது.

மேல் கற்களில்

1000-லிருந்து நேரே 8000-க்குத் தாவாதீர்கள். அடிக்கல்லின் கீறல்கள் ஆழமானவை. 4000 அல்லது 5000 நம்பர் அவற்றை எடுத்துக் கொடுத்தால்தான் 8000 தன் வேலையைப் பார்க்கும். கல் மாற்றும்போது கத்தி, கை, மேசை மூன்றையும் கழுவுங்கள். அடிக்கல்லின் சேற்றில் ஒரு துகள் மேல்கல்லுக்கு வந்தாலும் கீறல் விழும். சமையலறைச் சிங்க்கில் ஒரே வாளித் தண்ணீரில் எல்லாக் கல்லையும் நனைக்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

8000 நம்பரில் முடித்தாலே சுகமாகச் சவரம் எடுக்கலாம். 12000 கல்லோ பெல்ஜியத்தின் கொட்டிக்யூல் என்ற இயற்கைக் கல்லோ அதற்கு மேலுள்ள சொகுசு. இருந்தால் நல்லது, இல்லையென்று கவலைப்பட வேண்டாம்.

நுண்ணிய கல்லில் நிறைய நேரம் நிற்பதும் தவறுதான், அதிலும் அழுத்திக்கொண்டு நின்றால். வாயின் ஓரத்தில் பிசிறு, அதாவது மெல்லிய உருக்குத் துருத்தல், கட்டும். அது முதல் இழுப்பில் அபாரமாக வழிக்கும். இரண்டாவது கன்னத்துக்கு வருவதற்குள் உடைந்து, வாய் சொரசொரத்துவிடும். முதல் கன்னம் சுகம், மறுகன்னம் எரிச்சல் என்றால் பிசிறைச் சந்தேகியுங்கள்.

தோல்வார், சோதனை, துரு

தோல்வாரைத் தொய்ய விடாதீர்கள். தொய்ந்த வாரில் வாய் உருண்டு மழுங்கும். கல்லிலிருந்து வந்த கத்திக்குக் கித்தான் வாரில் ஒரு முப்பது இழுப்பு, தோலில் ஒரு அறுபது என்ற கணக்குப் போதும். வாயை மெருகேற்றும் பச்சைக் குரோமியம் ஒக்சைட் பூசுவதென்றால் தனி வாரில் பூசுங்கள், அன்றாட வாரில் வேண்டாம். பித்தளை துலக்கும் பொலிஷ், காருக்குப் போடும் கொம்பவுண்ட் இவற்றை வாரில் தேய்க்கிறவர்களுக்கு என்ன சொல்வது! அவற்றிலுள்ள துகள் எவ்வளவு பெரிது என்று டப்பாவில்கூட எழுதியிருப்பதில்லை.

தீட்டி முடித்த வாயைப் பெருவிரல் நகத்தில் வைத்துச் சோதிக்காதீர்கள். அது அடிக்கல்லுக்கு முன் செய்யலாம், கடைசியில் செய்தால் வாய்தான் கெடும். தொங்கும் மயிரை வெட்டிப் பார்ப்பது நல்ல விளையாட்டு, ஆனால் மயிருக்கு மயிர் தடிப்பு வேறு. கன்னத்தில் வைத்துப் பார்ப்பதுதான் முடிவான சோதனை. அப்போதும் குளித்து முடித்த கையோடு, தாடி நன்றாக ஊறியபின், தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சுமார் 30 பாகை சாய்வில் வைத்துப் பாருங்கள். காய்ந்த தாடியில் நிமிர்த்திப் பிடித்து இழுத்துவிட்டுக் கல்லைத் திட்டுவதில் நியாயமில்லை.

நம்மூரில் இன்னொரு எதிரி காற்று. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து மாடிவீட்டில் ஜன்னல் கிறிலே துருப்பிடிக்கிறது; கார்பன் உருக்குக் கத்தியைக் குளியலறையில் விட்டுவைத்தால் என்ன ஆகும்? துரு முதலில் பிடிப்பது மெல்லிய வாயில். கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்து, நேற்று நன்றாயிருந்த கத்தி இன்று இழுக்கும். வழித்து முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ரிஷுவால் ஒற்றித் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி தடவி அறைக்குள் வையுங்கள். தேங்காய் எண்ணெய் கைக்கு எட்டும்தான், ஆனால் நாள்பட்டால் சிக்கு மணம் வரும். தோல் உறைக்குள் போட்டு மூடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கத்திப் பெட்டிக்குள் போட்டு வைக்கலாம். பழைய கத்தியின் பிடி செலுலொயிட் என்றால் அடிக்கடி திறந்து பாருங்கள். அது சிதையத் தொடங்கினால் வெளியேறும் அமில வாயுவே கத்தியை அரித்துவிடும்.

இவ்வளவும் சரியாக நடந்தால் தினமும் தோல்வார், சில மாதங்களுக்கு ஒருமுறை கடைசிக் கல்லில் சில இழுப்பு, அவ்வளவுதான் தேவைப்படும். 1000 நம்பர் கல்லை மறுபடி எடுக்க வேண்டி வருவது வாயில் பல்லுப் போனால்தான். அது அனேகமாகக் கழுவும்போது குழாயில் தட்டுப்பட்டுப் போனதாக இருக்கும். ஆகவே கத்தியைக் குழாயடியில் பிடிக்காமல், ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்து மேலிருந்து ஊற்றிக் கழுவுங்கள்.